அம்மாவின் ஆறு பரப்பு

யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்தில் குறிகட்டுவான் பேருந்து புறப்படும்போது காலை ஏழரை மணி. 2023 ஆம் ஆண்டு ஆடி மாதம். கிளிநொச்சியிலிருந்து விடியமுன் வெளிக்கிட்டு வந்திருந்தேன். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அம்மாவின் மரணச் சான்றிதழ், என் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு போத்தல் தண்ணீர். எங்கள் காணி இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பதை மறக்கவில்லை.

பண்ணைப் பாலத்தில் ஏறியதும் சோளகக் காற்று முகத்தில் அடித்தது. இரு பக்கமும் முழங்கால் அளவுக் கடல். அதில் களங்கட்டித் தடிகள் வரிசையாக நின்றன. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை வங்களாவடி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலத்தில் ஏறியதும் என்னை அறியாமல் பையை இறுக்கிப் பிடித்தேன். 1991 இல் இந்தக் கடலை நாங்கள் வள்ளத்தில் கடந்தோம். அப்போது எனக்கு 14 வயது. அம்மாவின் மடியிலும் இப்படித்தான் ஒரு பை இருந்தது.

அது உறுதிப் பை. எங்கள் பக்கத்துத் தாய்மார் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருந்தது. நகையை விற்றுச் சாப்பிடலாம், உறுதியை விட்டால் ஊர் இல்லை என்பது அவர்களுடைய கணக்கு. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு அது எங்களோடு வந்தது. 2009 இல் முள்ளிவாய்க்கால் வரையும் வந்தது. அங்கே பதுங்கு குழிக்குள் தவறிப்போனது. முகாமில் இருந்தபோது அம்மா அழுதது இரண்டுக்குத்தான். ஒன்று தம்பி, மற்றது அந்தப் பை.

ஊரும் காணியும்

ஆலடிச் சந்தியில் இறங்கி நடந்தேன். எங்கள் ஊரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதானால், அது பனையும் முருகைக்கல் மதிலும் உவர் மண்ணும் உள்ள ஊர். ஒருகாலத்தில் தென்னிலங்கைப் பட்டினங்களில் எங்கள் ஊரவர்கள் கடை வைத்திருந்தார்கள். அந்தக் காசில் கட்டிய பெரிய வீடுகள் இன்று கூரை இல்லாமல் நிற்கின்றன. மதிலுக்குள்ளே ஆலமரம் வேர்விட்டிருக்கிறது. அதே ஒழுங்கையில் வெளிநாட்டுக் காசில் புதிதாக வெள்ளை பூசிய வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. கட்டாக்காலி மாடுகள் இரண்டுக்கும் நடுவே படுத்திருந்தன.

எங்கள் காணி ஆறு பரப்பு. அம்மாவுக்கு 1968 இல் அம்மம்மா சீதனமாக எழுதியது. வீட்டில் அத்திவாரமும் குசினிச் சுவரும் மிச்சம். 11 பனை எண்ணினேன். வடலிகள் எண்ண முடியாதபடி வளர்ந்திருந்தன. பனங்காய் விழுந்து அப்படியே கிடந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் பச்சையாக, அசையாமல் இருந்தது.

பக்கத்துக் காணியிலிருந்து ஒரு முதியவர் பொல்லை ஊன்றி வந்தார்.

"ஆர் பிள்ளை நீ?"

அம்மாவின் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"கொம்மா என்ரை ஒன்றுவிட்ட தங்கச்சி முறை. விக்கப் போறியோ மோனை?"

"ஓம் மாமா."

"வேறை ஆளுக்குக் குடுக்காதை. என்ரை மகன் சுவிசிலை இருக்கிறான். அவன் எடுப்பான். ஆனா உறுதி சரியா இருக்கவேணும்."

அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் நான் மாதக்கணக்காக அலைந்துகொண்டிருந்தேன்.

ஏன் விற்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் எனக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. அதில் வீடு முடியவில்லை. நிலத்துக்குச் சீமெந்து போடவும் கதவு யன்னல் போடவும் நுண்கடன் எடுத்தேன். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தேன். மூத்தவளின் படிப்பும் நடுவே வந்தது. இந்தக் கதையை வாசிக்கும் பலருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தொலைந்த உறுதி கிடைத்த விதம்

உறுதி தொலைந்தால் காணி தொலைந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தவறு. நொத்தாரிசு ஒருவர் உறுதி எழுதினால் அதன் இரண்டாம் படியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியவற்றில் தெரிந்ததைக் கொண்டு தேடுவிக்கலாம். எங்களிடம் இலக்கம் இருக்கவில்லை. ஆனால் அம்மா உயிரோடிருந்தபோது நொத்தாரிசின் பெயரையும், தன் கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் எழுதியது என்பதையும் அடிக்கடி சொல்லுவார். அந்த இரண்டு தகவலையும் வைத்து யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் தேடுவித்தேன். நான்காவது தடவை போனபோது அத்தாட்சிப்படுத்திய பிரதி கையில் கிடைத்தது.

வாசலிலேயே நின்று வாசித்தேன். காணியின் பெயர், நான்கு எல்லைகள், எல்லைக்காரரின் பெயர்கள். கடைசியில், பனை, வடலி, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை. 1991 க்குப் பிறகு எங்களில் ஒருவரும் அள்ளாத கிணற்றில் எங்களுக்கு ஒரு பங்கு இருப்பதாக அந்தக் கடதாசி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

மூன்றில் ஒன்று

பிரதியைக் கொண்டுபோய் ஒரு பெண் சட்டத்தரணியிடம் காட்டினேன். நொத்தாரிசு வேலையும் அவரே செய்கிறார். பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா மரணசாதனம் எழுதினவவோ?"

"இல்லை."

"எத்தினை பிள்ளையள்?"

"மூன்று. அப்பா 1987 இல் செத்துப்போனார். அண்ணா சுவிசிலை. நான். தம்பி..." என்று நிறுத்தினேன்.

தம்பி வட்டுவாகல் பாலம் வரை எங்களோடு வந்தான். 2009 மே மாதம். அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை. கலியாணம் செய்யாதவன்.

சட்டத்தரணி ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தும். மரணசாதனம் எழுதாமல் அம்மா இறந்ததால் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. காணி பிரிக்கப்படாதவரை ஒவ்வொரு மண்ணிலும் மூவருக்கும் மூன்றில் ஒன்று. இறந்தவரின் சொத்து சட்டம் குறித்த பெறுமதிக்கு மேற்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு வைத்து நிருவாகி ஒருவரை நியமிக்கவேண்டும். எங்களுடையது அந்த அளவுக்கு வராத சிறு சொத்து. ஆகவே உரித்தாளிகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டால் விற்கலாம்.

"எல்லாரும்" என்று திருப்பிச் சொன்னார்.

என் பங்கை மட்டும் விற்கலாமா என்று கேட்டேன். பிரிபடாத பங்கை விற்கலாம், ஆனால் தேசவழமைப்படி கூட்டு உரித்தாளிக்கு அதை முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது என்றார்.

"வெளியாளுக்கு விக்கிறதெண்டால் முதலிலை தம்பிக்கு அறிவிக்கவேணும், அக்கா."

"எந்த விலாசத்துக்கு?" என்று கேட்டேன்.

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

இரண்டு கடதாசிகள்

முன்பொருநாள் வேறொரு அலுவலகத்தில் ஒருவர் எனக்கு இலகுவான வழி சொல்லியிருந்தார். "மரணப் பதிவு எடுங்கோ அம்மா. பங்கு உங்களுக்கும் அண்ணருக்கும் வந்திடும். கெதியிலை விக்கலாம்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணப் பதிவு செய்ய உறவினர் விண்ணப்பிக்கலாம். அப்படிச் செய்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளை வளர்க்க வேறு வழியில்லாமல் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழையும் கேட்கலாம். ஆள் இறந்துவிட்டார் என்று நாங்கள் ஒப்பமிடத் தேவையில்லை. அம்மா இந்தச் சான்றிதழையும் எடுக்கவில்லை. 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது அவரும் போய் இருந்தார். நடக்க முடிந்தவரை போனார். ஒருமுறை மரணசாதனம் எழுதும்படி கேட்டேன். "அவன் வந்து கேட்டா என்ன சொல்லுறது? வந்தாப்போல எழுதுவம்" என்றார். 2021 இல் அம்மா கண் மூடினார். எழுதாமல் விட்டது மறதியால் அல்ல.

அன்று சட்டத்தரணியின் வாங்கில் எனக்குப் பக்கத்தில் வேலணைப் பெண் ஒருத்தி இருந்தாள். மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பை மகளுக்கு எழுதவேண்டும். ஆனால் 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அவளுடைய கணவன் 2008 இல் காணாமற்போனவர்.

"என்ரை தாய் தந்த காணி. அந்தாளைத் தேடித் தேடி அலைஞ்சது நான். இப்ப அந்தாளின்ரை கையெழுத்தும் நான்தான் கொண்டுவரவேணுமாம்" என்றாள்.

சட்டத்தரணி அவளுக்கு வழி சொன்னார். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது கைவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அந்தச் சம்மதம் இல்லாமலே எழுத அனுமதி பெறலாம். அதே சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. அவள் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். என் கணவர் செல்பட்டு இறந்ததற்கு என்னிடம் மரணச் சான்றிதழ் இருக்கிறது. அந்தக் கடதாசியை ஒரு வசதி என்று நினைக்க நேர்ந்தது அன்றைக்குத்தான்.

நான் எடுத்த முடிவு

அன்றிரவு அண்ணாவோடு தொலைபேசியில் கதைத்தேன். "தம்பிக்கு மரணப் பதிவு எடுக்கட்டோ?" என்று கேட்டேன். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு, "என்ரை பங்கை உன்ரை பேரிலை எழுதிறன். அவன்ரை பங்கைத் தொடாதை" என்றார். இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அற்றோர்னித் தத்துவம் அனுப்பினார். அதை வைத்து அவருடைய பங்கு எனக்கு நன்கொடை உறுதியாக எழுதப்பட்டது.

தம்பிக்குக் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழ் எடுத்தேன். கூட்டுக் காணியைப் பிரிக்க 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம் இருக்கிறது. அதன்படி ஊர்காவற்றுறை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பி அளப்பித்து, யாருக்கு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும். இது மாதங்களில் முடியாது, வருடங்கள் எடுக்கும் என்று சட்டத்தரணி முதலிலேயே சொல்லிவிட்டார். வழக்கு நடக்கும்போது என் பங்கையும் விற்க முடியாது. நுண்கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். கோழி வளர்க்கிறேன், தைக்கிறேன். நான் செய்தது கெட்டித்தனம் என்று சொல்லவரவில்லை. நாலு பரப்புக்குக் காசு வரும் வரை மகள் ஒரு வருடம் படிப்பைப் பிற்போட்டாள். அவள் முகத்தைப் பார்க்கும்போது, சரியாகத்தான் செய்தேனா என்று சில இரவுகளில் நித்திரை வராது.

ஆனால் அளக்க வந்த நாளில் ஒன்று நடந்தது. மாமா பொல்லை ஊன்றி வந்து நின்றார். நில அளவையாளர் சங்கிலி போட்டு அளந்துகொண்டிருந்தார். "எந்தப் பக்கம் அவனுக்குக் கேட்டனி?" என்று மாமா கேட்டார். "கிணத்துப் பக்கம்" என்றேன். கிணற்றோடு சேர்ந்தால் என் பங்குக்கு விலை கூட வரும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரி மோனை, மற்ற நாலு பரப்பும் காணும். பொறுத்து எடுக்கிறம்" என்றார்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

தாய் தகப்பன் உயிரோடிருக்கும்போது மூன்று விடயங்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். காணியின் பெயர், உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர், எழுதிய வருடம். இவை இருந்தால் தொலைந்த உறுதியின் பிரதியைத் தேடி எடுக்கலாம். காணியை வருடத்தில் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். வேறொருவர் 10 வருடம் தன்னுடையதாக ஆண்டால் ஆட்சியுரிமை கோர வழியுண்டு. விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் நீதிமன்றங்களோடு இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழு நிலையங்களில் கேளுங்கள். முடிந்தால் தாய் தகப்பனை மரணசாதனம் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுத மறுத்தால், ஏன் என்றும் கேளுங்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் இடமில்லை. வாணர் பாலம் வரை நின்றுகொண்டே வந்தேன். பைக்குள் உறுதிப் பிரதியும் தம்பியின் சான்றிதழும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அடியில் இரண்டு பனங்காய். வீட்டில் பிள்ளைகள் அந்த மணத்தைக் கண்டு, "அம்மா, இது எங்கடை காணியிலையோ?" என்று கேட்டார்கள்.

"ஓம். எங்கடையும் மாமாவின்ரையும்" என்றேன்.