கிராவலா, ஹார்ட்டெய்லா? கையைக் கேட்டுட்டு சைக்கிள் வாங்குங்க

மக்களே, கொஞ்சம் நீளமான இழை. டீயோட உக்காருங்க.

"டாக்டர், வாக்கிங் போரடிக்குது. சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன். கிராவல் பைக்கா, எம்டிபியா?" மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியாங்கிற கேள்விக்கு அடுத்தபடியா இப்ப கிளினிக்ல அதிகம் வர்ற கேள்வி இதுதான். கேக்கறவங்க பெரும்பாலும் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையார்வாசிகள். நாப்பதைத் தாண்டினவங்க. சர்க்கரையோ பிரஷரோ எட்டிப் பாத்தாச்சு. கடைக்காரர் கியர் எண்ணிக்கையைச் சொல்லுவார். நான் உடம்பை வச்சு சொல்றேன்.

தெரியாதவங்களுக்காக: கிராவல் பைக்குன்னா ரேஸ் சைக்கிள் மாதிரி கீழ வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா டயர் அகலம், 38ல இருந்து 45 மி.மீ. வரைக்கும். சஸ்பென்ஷன் பொதுவா கிடையாது. ஹார்ட்டெய்ல் மலை சைக்கிள். நேரான ஹேண்டில்பார், முன்சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன், ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமான கட்டை கட்டையான டயர்.

மலை சைக்கிள் 1970களில் கலிஃபோர்னியா மலைச்சரிவுல பிறந்தது. கிராவல், அமெரிக்காவோட கான்சஸ் மாதிரி இடங்கள்ல இருக்கிற முடிவில்லாத ஜல்லி ரோட்டுக்காக வளர்ந்தது. அதுக்கு 2022லதான் முதல் உலக சாம்பியன்ஷிப்பே நடந்துச்சு. புதுசுன்னு மலைச்சுப் போகாதீங்க. 1949ல தொடங்கின அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் காலத்து தாத்தா ஹெர்குலிஸோட டயரைப் பாருங்க: 28 × 1½. கிட்டத்தட்ட 40 மி.மீ. இன்னிக்கு கிராவல்னு விக்கிற அதே அகலம். மோசமான ரோட்டுக்கு அகல டயர் போதும்னு நம்ம ஊருக்கு அப்பவே தெரியும்.

சரி, நம்ம ரோட்டுக்கு வருவோம். சென்னை தட்டையான ஊர். பரங்கிமலையே சுமார் 300 அடிதான். மலை சைக்கிளுக்கு இங்க மலை இல்ல. ஆனா குழி இருக்கு. மெட்ரோவுக்காகத் தோண்டின லஸ், அடையார் பக்கம், ரோட்டைவிட ரெண்டு விரக்கடை மேலயோ கீழயோ நிக்கிற மேன்ஹோல் மூடி, தெருவுக்கு மூணு ஸ்பீட் பிரேக்கர். "அதான் டாக்டர், சஸ்பென்ஷன் வேணும்ல?" இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க.

சஸ்பென்ஷன் பெரிய அடியை வாங்கிக்கும். பள்ளத்துல இறங்கி ஏறினா கை தப்பிக்கும். ஆனா தேஞ்சுபோன தார் ரோட்டுல மணிக்கணக்கா வர்ற பொடி அதிர்வு இருக்கே, அதை அடக்கறது டயரும் அதுல இருக்கிற காத்தும்தான். 70 கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டயர்ல ஏறக்குறைய 35-45 பிஎஸ்ஐ போதும். பஞ்சர் கடையில கம்ப்ரஸரை வச்சு கல்லு மாதிரி அடிச்சு விட்டா எந்த சைக்கிளும் மாட்டு வண்டிதான். மீட்டர் வச்ச கை பம்ப் ஒண்ணு வாங்கிக்கோங்க.

இப்ப கை. இதுக்காகத்தான் இந்த இழையையே எழுதறேன்.

மந்தைவெளியில இருந்து ஒருத்தர் வந்தார். 52 வயசு, வங்கி வேலை, பத்து வருஷமா சுகர். நல்ல ஹார்ட்டெய்ல் வாங்கி ஞாயித்துக்கிழமை தவறாம ஈசிஆர்ல முட்டுக்காடு போய்த் திரும்பறார். அதுவே 40 கிலோமீட்டருக்கு மேல. ரெண்டு மாசத்துல மூணு மாச சர்க்கரை அளவு நல்லா இறங்கிடுச்சு. ஆனா சட்டை பட்டன் போட முடியல, சில்லறை கையில நிக்கல. சுண்டு விரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்திருந்துச்சு. பேப்பரைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிக்கச் சொன்னேன். லேசா இழுத்தேன், வந்துடுச்சு.

அல்னார் நரம்பு. உள்ளங்கையோட சுண்டு விரல் பக்கத்து மேட்டுக்குக் கீழ, ஒரு குறுகலான கால்வாய்க்குள்ள போகுது. ஹேண்டில்பார் சரியா அங்கதான் அழுத்தும். மூணு மணி நேரம் ஒரே இடத்துல உடம்பு எடையைத் தாங்கினா நரம்பு சோர்ந்து போகும். சுகர் இருக்கிறவங்களுக்கு நரம்பு ஏற்கெனவே பலவீனம், சீக்கிரம் அடிபடும். கண்டுக்காம ஓட்டினா கட்டை விரலுக்குப் பக்கத்துல இருக்கிற சதை வத்திப் போகும். வத்தினது திரும்ப வர்றது சுலபமில்ல.

சஸ்பென்ஷன் வச்ச சைக்கிள்லயே ஏன் இப்படி? நேரான ஹேண்டில்பார்ல கை வைக்க ஒரே இடம்தான். கிராவலோட வளைஞ்ச பார்ல மேல, பிரேக் பிடி மேல, கீழ வளைவுலன்னு மூணு இடம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே போகலாம். நீண்ட தூரத்துக்கு கிராவல் நல்லதுன்னு நான் சொல்றதுக்கு வேகம் காரணமில்ல, இந்த மூணு இடம்தான்.

அவர் சைக்கிளை விக்கல. பாரோட ரெண்டு முனையிலயும் கொம்பு மாதிரி பார் எண்ட் மாட்டினார், ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உசத்தினார், முன்பக்கம் சாஞ்சிருந்த சீட்டை மட்டமாக்கினார். ஆறு வாரம் நீண்ட ரைடு கிடையாதுன்னு நான் சொன்னதுக்கு முகம் சுருங்கினாலும் கேட்டார். இப்ப பட்டன் போடறார்.

(எல்லா மரப்பும் ஹேண்டில்பாரால வராது. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தா வேற நரம்பு, இல்ல கழுத்து. ரெண்டு பாதமும் எரிஞ்சா சுகர் பாக்கணும். சைக்கிள் மேல பழி போட்டுட்டு உக்காராதீங்க.)

அப்ப எல்லாரும் கிராவல் வாங்கலாமா? வேணாம். கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கிறவங்க குனிஞ்சு ஓட்டினா, ரோட்டைப் பாக்க தலையை நிமிர்த்தியே வச்சிருக்கணும். அப்போ நரம்பு வெளிய வர்ற ஓட்டை இன்னும் குறுகும், தோள்ல இருந்து கை வரைக்கும் சுரீர்னு இழுக்கும். ஐ.டி. பசங்களுக்கு முப்பத்தஞ்சுலயே இது இருக்கு. தொப்பையும் ஒரு கணக்கு: குனிஞ்சா தொடை வயித்துல இடிக்கும், முட்டி வெளிப்பக்கம் விரியும், ஒரு மாசத்துல முட்டி வலின்னு வருவீங்க. இவங்களுக்கு நிமிந்து உக்காரும் ஹார்ட்டெய்ல்தான். திரும்பிப் பாக்கவும் சுலபம், பின்னாடி வர்ற பஸ்காரர் கண்ணுலயும் படுவீங்க.

ஆனா தி. நகர்? ஹார்ட்டெய்லோட ஹேண்டில்பார் 72-76 செ.மீ. அகலம். கிராவல் 42-46. உஸ்மான் ரோட்டுல ரெண்டு ஆட்டோவுக்கு நடுவுல அந்த முப்பது செ.மீ.தான் நீங்க போறீங்களா நிக்கிறீங்களான்னு முடிவு பண்ணும். ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்தா ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டித் தருவார். தீபாவளி நேரத்துல எந்த சைக்கிளும் வேணாம், நடந்து போங்க.

மழைக்காலத்துல தண்ணி தேங்கின தெருவுல ரெண்டையும் ஓட்டாதீங்க. மூடி இல்லாத மேன்ஹோல் டயர் அகலம் பாக்காது. பெசன்ட் நகர் மாதிரி கடலோரம் இருந்தா உப்புக்காத்து செயினைத் தின்னும், மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்கையும் தின்னும். மலிவு சஸ்பென்ஷனுக்கு எடை அதிகம், பலன் கம்மி. லாக் பண்ற வசதி இல்லாத ஃபோர்க் நல்ல ரோட்டுல நீங்க மிதிக்கிற பலத்துல கொஞ்சத்தை ஆடியே சாப்பிட்டுடும்.

என் கணக்கு இது. மயிலாப்பூர்ல இருந்து திரு.வி.க. பாலம் தாண்டி அடையார் வரைக்கும், தினம் அரை மணி நேரம், கழுத்தோ தொப்பையோ தொல்லைன்னா ஹார்ட்டெய்ல். கட்டை டயரைக் கழட்டிட்டு வழவழப்பான டயர் போட்டுக்கோங்க, பாதி பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கும். வாரக்கடைசியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஈசிஆர், கழுத்து நல்லா இருக்குன்னா கிராவல். அதே காசுக்கு ஹார்ட்டெய்ல்ல நல்ல ஹைட்ராலிக் பிரேக் கிடைக்கும், கிராவல்ல பெரும்பாலும் கேபிள் பிரேக்தான், இதையும் யோசிங்க.

எதை வாங்கினாலும் சீட் உயரத்தைப் பாருங்க. குதிகாலைப் பெடல்ல வச்சு அடியில கொண்டு போனா கால் நேரா நீளணும். கடையில எல்லாருக்கும் தாழ்த்தியே வச்சுக் குடுக்கறாங்க, அதுதான் பாதி முட்டி வலிக்குக் காரணம். தொடை இடுக்குல மரத்தா இறங்கி நில்லுங்க, சகிச்சுக்காதீங்க. இன்சுலின் போடறவங்க பாக்கெட்ல சர்க்கரை இல்லாம கிளம்பவே கூடாது. ஏறி மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கம் வந்தா அன்னிக்கு சைக்கிளைப் பத்திப் பேச வேணாம், நேரா ஆஸ்பத்திரி.

வாங்கறதுக்கு முன்னாடி நண்பரோட சைக்கிள்லயாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்க. கடை வாசல்ல ஒரு ரவுண்டு அடிச்சா கை ஒண்ணும் சொல்லாது. ஏற்கெனவே ஓட்டறவங்க, கை மரக்குதுன்னா எந்த விரல், எவ்வளவு நேரத்துல, சுகர் இருக்கா, மூணு மட்டும் கீழ எழுதுங்க. ராத்திரி ஓபி முடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்.