கப்பி மீனும் கையடக்கப் படக்கருவியும்

வீட்டுக்குள் நீந்தும் சிறு மீனைப் படம் பிடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், வெளிச்சமே முதல் தடை. நம் கண்ணுக்குப் போதுமானதாகத் தோன்றும் வரவேற்பறை வெளிச்சம், நண்பகல் வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அதனால் திறன்பேசி ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அதற்குள் மீன் நகர்ந்துவிடுகிறது. மிக அருகிலிருந்து எடுத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழமும் சில மில்லிமீட்டர்தான்.

ஹெரால்டு எட்கர்டன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், 1957-இல் பால்துளி கிரீடம்போல் தெறித்தெழுவதை வண்ணப் படமாக்கினார். கணநேரம் மின்னி மறைந்த ஒளியே அவ்வசைவை உறையச் செய்தது. திறன்பேசியின் விளக்கு அப்படி மின்னாது. கண்ணாடியில் பட்டு வெள்ளைப் பொட்டாகத் திரும்பி வரும்.

எனக்கு ஏன் இந்த வேலை? மீன்கள் முட்டையிடும் என்று மூன்றாம் ஆண்டு வகுப்பில் பேசிக்கொண்டிருந்தோம். "எங்க வீட்டுக் கப்பி குட்டிதான் போடும், டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது. அவள் சொன்னது சரியே. கப்பியின் முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்து, குஞ்சுகள் உயிரோடு வெளிவருகின்றன. நான் விளக்கியும், அவளுக்காகப் பரிந்து பேசுவதாகவே மற்றவர்கள் எண்ணினர். அதன்பின் அவள் கை உயர்த்தவேயில்லை. இணையப் படத்தைக் காட்டினால் "ஏஐ செஞ்சது" என்பார்கள், இக்காலப் பிள்ளைகள்!

சினையான கப்பி ஒன்றை வாங்கினேன். மேசை விளக்கை நாற்பது சென்டிமீட்டரிலிருந்து இருபதுக்கு இறக்கினேன். தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில் நிறுத்தினேன். பிம்பம் விழாதிருக்க என் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டேன். மீன் முன்பின் அலையாதபடி தொட்டிக்குள் இன்னொரு கண்ணாடித் துண்டைச் செருகி, குவியத்தை அவ்விடத்தில் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன். மீனைத் துரத்திக் குவியம் தேடுவது வீண் வேலை. "நம் வீடு பிரசவ வார்டாகிவிட்டது" என்றார் கணவர்.

ஒன்பதாம் நாள் இரவு குஞ்சுகள் பிறந்தன. எடுத்தவை இருநூறுக்கு மேல், தேறியவை மூன்று. ஒன்றில் தாயின் வயிற்றடியில் குஞ்சின் வால் பாதி வெளியே தெரிகிறது. தாய் குஞ்சுகளைத் தின்றுவிடக்கூடும் என்பதால் உடனே அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன்.

மறுநாள் அப்படம் மேசைக்கு மேசை கைமாறியது. யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எத்தனை குட்டி, டீச்சர்?" என்றாள்.

"பதினான்கு."

"எங்க வீட்டுல இருபத்திரண்டு."