பருத்திக் காசில் முளைத்த பள்ளிக்கூடங்கள்... திருப்பூரிலிருந்து பெரியநாயக்கன்பாளையம் வரை!

காலை எட்டரை மணிக்கு திருப்பூர் ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பனியன் கம்பெனி வேனும் பள்ளிக்கூட ஆட்டோவும் ஒரே சிக்னலில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வேனில் இருப்பவர்கள் செக்கிங், கைமடி, ஓவர்லாக் வேலைக்குப் போகிறவர்கள். ஆட்டோவில் இருப்பவர்கள் அவர்களின் பிள்ளைகள், தம்பி தங்கைகள். சில வீடுகளில் அக்கா வேனில் போவாள், தம்பி ஆட்டோவில் போவான். பத்தாம் வகுப்பு லீவில் 'சும்மா ரெண்டு மாசம்' என்று கம்பெனிக்குப் போன பையன், சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு பள்ளிக்குத் திரும்பாத கதையை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இது இன்று நேற்று வந்த பிரச்னை இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே பருத்தி ஊர்களில் இந்த இழுபறி இருந்தது. அப்போது இங்கே ஏற்றுமதி இல்லை. பஞ்சு வியாபாரமும் ஜின்னிங் ஆலைகளும் இருந்தன, கூடவே காதியும். காந்தியின் கதர் இயக்கத்துக்கு தமிழ்நாட்டில் திருப்பூர் முக்கியமான மையம்.

ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே திருப்பூர் குமரன் நினைவிடம் இருக்கிறது. கொடி காத்த குமரனைத் தெரியாதவர் இல்லை. 1904-ல் சென்னிமலையில், நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து வேலை பார்த்தார். 1932 ஜனவரியில், போலீஸ் தடியடியில் உயிர் போனபோது வயது 27.

அவருக்கு ஒரு வருஷம் முன்னால், 1903-ல் இதே திருப்பூரில் ஒரு வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். இவர் சென்னைக்குப் போய்ச் சட்டம் படித்தார். இருவரும் கதர் கட்டிய காங்கிரஸ்காரர்கள். ஒருவர் படிப்பு ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, இன்னொருவர் வக்கீல். திறமைக்கும் இந்த வித்தியாசத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அந்தக் காலத்தில் உயர்நிலைப் பள்ளி என்பது எளிதில் எட்டுகிற சமாச்சாரம் இல்லை. ஆரம்பப் பள்ளி முடித்து, ஃபர்ஸ்ட் ஃபாரத்தில் தொடங்கி சிக்ஸ்த் ஃபாரம் வரை போக வேண்டும். கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. மாதாமாதம் பள்ளிக்குக் கட்டும் பணத்துக்கு 'சம்பளம்' என்றே பெயர். மேல் வகுப்புகளில் பாடமெல்லாம் இங்கிலீஷில். உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் டவுனில்தான். கிராமத்துப் பையன் என்றால் டவுனில் தங்கிப் படிக்க வேண்டும். அப்படித் தங்கினால் யாரோடு சேர்ந்து சாப்பிடுவது என்ற கேள்வி வரும். எந்தச் சாதிப் பையன் எந்தப் பந்தியில் உட்காரலாம் என்பது அன்றைக்கு ஹாஸ்டல் நடத்தியவர்களுக்குப் பெரிய தலைவலி. பள்ளியில் இடம் கிடைத்தும், தங்க இடம் கிடைக்காமல் திரும்பிப் போன பிள்ளைகள் உண்டு.

இந்த வட்டாரத்தில் பள்ளிகள் வந்த விதமே தனி. கோபிசெட்டிபாளையம் வைரவிழா உயர்நிலைப் பள்ளி 1898-ல் தொடங்கியது. பெயரில் இருக்கும் வைரவிழா, விக்டோரியா மகாராணியுடையது! கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நான்கு பேர், 1926-ல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்கள். அவர்கள் நடத்திய பள்ளியின் பெயர் 'சர்வஜன'. எல்லா ஜனங்களுக்கும் என்று பள்ளியின் பெயரிலேயே எழுதி வைக்க வேண்டிய காலம் அது.

திருப்பூரிலிருந்து ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் கோவை ஜங்ஷன். அங்கிருந்து மேட்டுப்பாளையம் ரோடு. கவுண்டம்பாளையம், துடியலூர், நரசிம்மநாயக்கன்பாளையம் தாண்டினால் பெரியநாயக்கன்பாளையம். மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். நூற்பாலைகளுக்கு இயந்திரம் செய்யும் எல்.எம்.டபிள்யூ. நிறுவனம் இந்த ஊரில்தான் இருக்கிறது. திருப்பூரின் பனியனுக்கு நூல், அந்த நூலுக்கு மெஷின் என்று யோசித்தால், சங்கிலியின் முதல் கண்ணி இங்கே.

இந்த ஊரில்தான் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் இருக்கிறது. 1930-ல் அவினாசிலிங்கம் கோவையில் இதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. பேலூர் மடத்தின் தலைவராக இருந்த சுவாமி சிவானந்தரைச் சந்தித்தது அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடும்பச் சொத்தைக் கல்விக்கே கொடுத்துவிட்டார். ஆரம்பத்தில் வாடகைக் கட்டடம், விரல் விட்டு எண்ணக்கூடிய பையன்கள். சாதி பார்க்காமல் எல்லோரும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டுப் படிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அப்படிப்பட்ட விடுதிக்குத் தன் மகனை அனுப்ப அந்தக் காலத்து அப்பா எவ்வளவு யோசித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கலாம்.

நடத்தியவருக்கும் நிம்மதி கிடையாது. சட்ட மறுப்பு இயக்க வருஷங்கள் அவை. பள்ளியையும் பார்த்துக்கொண்டு, இடையிடையே சிறைக்கும் போய்வந்தார். 1934-ல் ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தி, பெரியநாயக்கன்பாளையத்தில் புதிய இடத்துக்கு அடிக்கல் நாட்டினார். பின்னாளில் காந்தி சொன்ன ஆதாரக் கல்வியும் இங்கே வந்தது. புத்தகப் படிப்போடு கைத்தொழிலும் சேர்ந்த படிப்பு. பருத்தி விளையும் ஊரில் நூற்பு பாடமானது பொருத்தம்தான்.

இந்த வளாகத்தில் தலைமையாசிரியராக இருந்த ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பெரியசாமித் தூரன். ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி அருகே பிறந்தவர். சென்னையில் கணிதப் பட்டப் படிப்பின் இறுதித் தேர்வு நேரத்தில் பகத் சிங் தூக்கிலிடப்பட்டார். அந்த வேதனையில், பரீட்சை எழுதவே மாட்டேன் என்று பட்டத்தை உதறிவிட்டு வந்துவிட்டார். இன்றைக்கு 'டிகிரி சர்டிஃபிகேட் எங்கே?' என்று முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அன்றைக்கு அவரை வாத்தியார் ஆக்கினார்கள். கோபி வைரவிழாப் பள்ளியிலும், பிறகு வித்யாலயத்தில் பல வருஷங்களும் பாடம் நடத்தினார். இன்று கச்சேரி மேடைகளில் பாடப்படும் தமிழ்க் கீர்த்தனைகள் பலவற்றை எழுதியவரும் இவர்தான்.

1946-ல் அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். பள்ளி நடத்தியவருக்குப் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்திருந்தது. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படிப்பது பரவலானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழில் ஒரு அறிவுக் களஞ்சியம் வேண்டாமா? தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவானது. கலைக்களஞ்சியத் திட்டம் வந்தது. அதன் முதன்மை ஆசிரியராக அவர் அழைத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? பரீட்சை எழுதாத தூரனைத்தான்! 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன.

சரி, பெண் பிள்ளைகள்?

இங்கேதான் கதை மெதுவாகிறது. வித்யாலயம் பிறந்த அதே 1930-ல்தான் சாரதா சட்டமும் அமலுக்கு வந்தது. பெண்ணின் கல்யாண வயது குறைந்தது 14. சிக்ஸ்த் ஃபாரம் முடிக்கும்போது பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு ஆகிவிடும். அதாவது, சட்டத்தை அப்படியே மதித்தால்கூட பெண்ணின் படிப்பு பாதியில் நிற்கலாம்! சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி, குழந்தை விதவைகளைச் சேர்த்துவைத்துப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவரே சிறு வயதில் விதவையாகி, 1911-ல் பட்டம் பெற்றவர். வீட்டில் முடங்க வேண்டியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள்தான் முதலில் படித்து டீச்சர்கள் ஆனார்கள்.

அவினாசிலிங்கம் பெண்களுக்கான மனையியல் கல்லூரியைக் கோவையில் தொடங்கியது 1957-ல். பையன்களுக்குப் பள்ளி வந்து 27 வருஷம் கழித்து! பெண்களுக்கு மனையியல் என்று ஒதுக்கியது இன்று கொஞ்சம் நெருடும். ஆனால் மகளை வெளியே அனுப்பத் தயங்கிய அன்றைய வீடுகளில் அந்தப் பெயர் ஒரு கதவைத் திறந்தது. உள்ளே போனவர்கள் ஊட்டச்சத்து, அறிவியல் என்று படித்தார்கள். ஊட்டச்சத்து நிபுணர் ராஜம்மாள் தேவதாஸ் இதை வளர்த்தெடுத்தார். 1988-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டியே இருக்கிறது.

திருப்பூரில் பெண் பிள்ளைகளுக்கு இன்றைய பெரிய நம்பிக்கை ஜெய்வாபாய் மாநகராட்சி பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பெயரைக் கேட்டாலே தெரியும், கொங்குப் பெயர் இல்லை. பஞ்சு வியாபாரத்துக்காக இந்த ஊருக்கு வந்த குஜராத்திகளை ஞாபகப்படுத்துகிற பெயர். ஆயிரக்கணக்கில் மாணவிகள் படிக்கிறார்கள். அவர்களில் பலர் பனியன் தொழிலாளர் வீட்டுப் பெண்கள்.

அதே கொங்கு மண்டலத்தில்தான் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரும் அடிபட்டது. மூன்று வருஷம் நூற்பாலை ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால், கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. பதின்ம வயதுப் பெண்கள் பள்ளியை விட்டுப் போனார்கள். அன்று பள்ளிக்காகக் கட்டிய ஹாஸ்டலில் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. பிற்பாடு மில் ஹாஸ்டலுக்குப் பெற்றோரே கொண்டுவந்து விட்டார்கள். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் திருப்பூர் அரசுப் பள்ளிகளில் அ, ஆ எழுதிப் பழகுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் டவுன் பஸ்கள் எல்லாம் பெரியநாயக்கன்பாளையம் வழிதான். கோவை - மேட்டுப்பாளையம் ரயிலும் இங்கே நிற்கும். வித்யாலயம் பிள்ளைகள் படிக்கிற இடம் என்பதால், உள்ளே சுற்றிப் பார்க்க முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. நேரம் இருந்தால் பக்கத்திலேயே பாலமலை அரங்கநாதர் கோயில் இருக்கிறது. சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் திரும்பினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது.