மெதுவாக ஓடச் சொல்லும் கடிகாரம்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால், பக்கத்துப் பக்கத்து ஊரில் வளர்ந்து வீட்டில் ஒரே தமிழ் பேசுகிற இரண்டு பையன்கள் போலீஸ் வேலைக்குப் போக நினைத்தால் இரண்டு விதமாக ஓட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தாக வேண்டும். கேரள பி.எஸ்.சி.யின் பிசிக்கலில் எட்டு இனங்களில் ஐந்தில் தேறினால் போதும். ஆனால் அந்த எட்டில் 1500 மீட்டருக்கு விதித்திருப்பது 5 நிமிடம் 44 வினாடி. கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 49 வினாடி வருகிறது. லேசுப்பட்ட வேகமில்லை.

விடியுமுன் பாறசாலை, தனுவச்சபுரம் பக்கத்து மைதானங்களுக்குப் போனால் இரண்டு தேர்வுக்கும் தயாராகிறவர்கள் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருப்பார்கள். பலருடைய கையிலும் வாட்ச் உண்டு. பின்லாந்தின் போலார் கம்பெனி, நெஞ்சில் பட்டை கட்டி மணிக்கட்டில் துடிப்பைப் பார்க்கிற கம்பியில்லாக் கருவியை 1982-ல் கொண்டுவந்தபோது அது தேர்ந்த வீரர்களுக்கான பொருள். இப்போது சில ஆயிரம் ரூபாய்க்கே, அடியில் பச்சை விளக்கு எரிகிற வாட்ச் கிடைக்கிறது. தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்குவதை அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் அது எண்ணுகிறது.

“அண்ணா, இன்னைக்கு நூத்தித் தொண்ணூறு ஏறிச்சு!” என்று ஒருவன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். முகமெல்லாம் சந்தோஷம்.

“நேத்து எவ்வளவு மக்கா?”

“நேத்தும் அதேதான்.”

அதற்கு முந்தின நாளும் அதேதான். நேரம் மட்டும் 6 நிமிடத்துக்குக் கீழே இறங்கவேயில்லை.

நம்மைப் பிடித்து நிறுத்தத்தான் வாட்ச் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். 1500 மீட்டருக்குச் செலவாகிற சக்தியில் முக்கால் பங்குக்கு மேல், உள்ளே இழுக்கிற மூச்சைக் கொண்டு உடல் உண்டாக்குவது. அந்தத் திறன் வளர, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நெடுநேரம் ஓட வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் வேகம் போதும்; மற்ற நாளெல்லாம் நிதானம். இதை வாயால் சொன்னால் இருபது வயதுப் பையன் கேட்கமாட்டான். கூட ஓடுகிறவன் தாண்டிப் போனால் அவனுக்குப் பொறுக்காது. 145-ஐத் தாண்டினால் வாட்ச் அதிரும்படி வைத்துக் கொடுத்தால் கேட்கிறான்.

அந்த 145-ஐயும் அவனவன் உடம்பை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல வாட்சுகள் 220-லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. 1970-களின் தொடக்கத்தில், அதுவரை வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் எண்களைத் தொகுத்துப் பார்த்து எழுந்த தோராயக் கணக்கு அது. 2001-ல் டனாகா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கச் சொன்னார்கள். நாற்பது வயதில் இரண்டு கணக்கும் 180-ல் வந்து நிற்கும். இருபதில் ஒன்று 200 என்கும், மற்றது 194 என்கும். இரண்டுமே சராசரிதான், ஒரே வயதுக்காரர்களுக்குள் பத்து, பதினைந்து துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம். பேச்சு திணறாமல் வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே நூற்றுத் தொண்ணூறு காட்டிய அந்தப் பையனுக்கு 145 வைத்தோம்.

சித்திரை மாதம் வந்தால் இன்னொரு சங்கடம். இங்கே விடியற்காலை ஐந்தரைக்கே காற்று கனத்துக் கிடக்கும். வியர்வை வழியும், ஆனால் உலராது. உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? சூட்டை வெளியே தள்ள ரத்தம் தோலுக்கு ஓடுகிறது. தசைக்கும் அனுப்பியாக வேண்டும். இதயம் கூடுதலாக அடித்துத்தான் இரண்டையும் சமாளிக்கிறது. மார்கழியில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடிய அதே துடிப்பில் இப்போது ஏழேகால் ஆகும். சில வாட்சுகள் இந்தப் புழுக்கத்தைக் கணக்கில் எடுக்காமல், உடல்திறன் குறைந்துவிட்டது என்று காட்டும். அதைப் பார்த்து மனம் ஒடிந்து, வேகத்தைக் கூட்டி மயங்கி விழப்போன பிள்ளைகள் உண்டு. திறன் எங்கும் போகவில்லை மக்களே, வேகத்தை விட்டுவிடுங்கள், துடிப்பை மட்டும் பாருங்கள் என்று அந்த மாதம் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூரக் கணக்கில் ஏமாற்றுவது ரப்பர் தோட்டம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள் மரம் மரமாக நகர்கிற நேரத்தில் அந்த மண்பாதையில் ஓடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மேலே இலை அடர்ந்து நனைந்திருக்கும்போது, இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற ஜிபிஎஸ் சிக்னல் மங்கிப்போகும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது தெளிவாகக் கிடைத்தால்தான் இடம் சரியாகத் தெரியும். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் நேரான பாதை வளைந்து நெளிந்து பக்கத்துப் புரையிடத்துக்குள் புகுந்து போயிருக்கும். தை மாதத்தில் ரப்பர் இலை உதிர்த்து நிற்கும்போது அதே பாதை படத்தில் கோடு பிடித்தது போல் விழுகிறது. மைதானத்தில் வளைவுதான் பிரச்சினை: இருநூறு மீட்டர் சுற்றில் ஏழரை சுற்று ஓடினால், வாட்ச் 1500 காட்டாது, கூட்டியோ குறைத்தோ காட்டும். தேர்வுக்கான நேரத்தை டேப் பிடித்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றுண்டு. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன் துடிப்பைப் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலும் டெங்குவும் இந்தப் பக்கத்தில் மழையோடு வருகிறவை. காய்ச்சல் விட்டதும் தேர்வுத் தேதியை நினைத்து மைதானத்துக்கு ஓடி வந்துவிடுகிறார்கள். வழக்கமாக 58 காட்டுகிறவனுக்கு 70 காட்டினால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். 145 வைத்துக் கொடுத்த அந்தப் பையன் போன மழையில் காய்ச்சலுக்குப் பிறகு அப்படித்தான் வீட்டிலிருந்தான். எண் இறங்கியதும் நடந்தான், பிறகு மெதுவாக ஓடினான். கார்த்திகையில் சுண்ணாம்புக் கோட்டில் 5 நிமிடம் 41 வினாடி.