சிறு வில்லை செய்த பெரும் பணி

'சிறு துளி பெரு வெள்ளம்' என்னும் பழமொழியைச் சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். எடுத்துக்காட்டுத் தருக என்றால் எறும்பையும் உண்டியலையும் எழுதுவோம். அவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது தபால்தலை போலவே இருக்கும். ஆனால் தபால்தலை அன்று. அதை மட்டும் ஒட்டி அனுப்பினால் கடிதம் போய்ச் சேராது. அதுவே காசநோய் வில்லை.

இதன் பிறந்தகம் டென்மார்க் நாடு. அங்கே ஐனார் ஹோல்போல் என்னும் தபால் ஊழியர் இருந்தார். கிறிஸ்துமஸ் காலத்தில் மலை போல் குவியும் வாழ்த்துக் கடிதங்களைப் பார்த்து, 'ஒவ்வொரு கடிதத்திலும் தபால்தலையோடு இன்னொரு சிறிய வில்லையும் ஒட்டப்பட்டால், அந்தப் பணத்தில் நோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு மருத்துவமனை கட்டலாமே!' என்று அவர் எண்ணினார். மன்னரும் இசைந்தார். மறைந்த லூயிஸ் அரசியாரின் உருவம் பொறித்த முதல் வில்லை 1904ஆம் ஆண்டு வெளிவந்தது. முதல் ஆண்டிலேயே 40 இலட்சத்துக்கு மேல் விற்றதாம்!

அந்நாளில் காசநோய் என்றாலே மரணம் என்றுதான் பொருள். நோயின் கிருமியை ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆயினும் அதைக் கொல்லும் மருந்து கிட்டவில்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு இவைதாம் சிகிச்சை. நாம் பெரிதும் நேசிக்கும் சிறுமலர் புனித தெரேசம்மாளும் இந்நோயால்தான் 1897ஆம் ஆண்டு, 24 வயதில் இறைவனடி சேர்ந்தார்.

டென்மார்க்கின் செய்தி கடல் கடந்து அமெரிக்காவை எட்டியது. டெலவேர் மாநிலத்தில் பிராண்டிவைன் ஆற்றருகே ஒரு சின்னஞ்சிறு காசநோய் விடுதி, 300 டாலர் இல்லாமல் மூடப்படும் நிலையில் இருந்தது. எமிலி பிஸ்ஸல் என்னும் பெண்மணி தாமே ஒரு வில்லைக்கு ஓவியம் வரைந்தார். நண்பர்கள் உதவிய 40 டாலரில் 50,000 வில்லைகள் அச்சாயின. 1907 டிசம்பர் 7ஆம் நாள், வில்மிங்டன் தபால் நிலையத்தில் ஒரு வில்லை ஒரு சென்ட் என விற்பனை தொடங்கிற்று. விற்பனை தளர்ந்தபோது பிலடெல்பியா நாளேடு ஒன்று துணைக்கு வந்தது. 300 டாலர் தேடியவருக்கு ஏறத்தாழ 3,000 டாலர் சேர்ந்தது! மறு ஆண்டு வில்லைக்குப் புகழ்பெற்ற ஓவியர் ஹோவர்ட் பைல் படம் வரைந்து கொடுத்தார்.

ஆண்டுக்கொரு புதிய ஓவியம். அந்தப் பருவத்தோடு விற்பனை நிறைவுறும். ஓவியர் வரைய, அச்சகத்தார் அச்சிட, தபால் ஊழியர் விற்க, பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகக் கொண்டு செல்ல, ஊரே கூடிச் செய்த கலைப்படைப்பு அது. ஒரு சென்ட் கொடுத்தவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை நம் நினைவுக்கு வருகிறதன்றோ?

நம் நாட்டில் காசநோய் வில்லை இயக்கம் 1950ஆம் ஆண்டு தொடங்கியது. காந்தி ஜெயந்தி அன்று தொடங்கும் அவ்வியக்கத்தில் வில்லைகளை விற்ற பெருமை பள்ளி மாணவ மாணவியருக்கு உண்டு.

ஆனால் பணத்தால் மட்டும் நோய் ஓடிவிடுமா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது, ஒருத்தி தன் அத்தையைப் பற்றிக் கூறினாள். அத்தை 6 மாதம் தவறாமல் மாத்திரை உண்டு, சளியில் கிருமி இல்லை என்ற முடிவும் வாங்கிவிட்டார். ஆயினும் வீட்டில் அவருக்கு இன்றும் தனித் தம்ளர்தான்! நோய் போய்விட்டது, தம்ளர் போகவில்லை. காசநோய் தம்ளரால் பரவுவதில்லை; நோயாளி இருமும்போது காற்றின் வழியே பரவுவது.

இந்த அச்சத்துக்கு நம் சென்னையே விடை கூறியிருக்கிறது. 1956ஆம் ஆண்டு இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையத்தில், நோயாளிகளுள் ஒரு சாரார் சானடோரியத்திலும், மறு சாரார் நெருக்கடி மிகுந்த தம் ஏழை வீடுகளிலும் மருந்துண்டனர். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்கு, மற்றவர்களுடைய குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. 1959ஆம் ஆண்டு வெளியான இந்த முடிவுகள் உலகின் வழக்கத்தையே மாற்றின. தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையத்தின் பெயர் இன்றும் அக்காலத்தை நினைவூட்டுகிறது.

ஆகவே, வில்லை இரண்டு பணிகளைச் செய்தது எனலாம். ஒன்று, பணம் சேர்த்தது. மற்றொன்று, வாயால் சொல்லவே மக்கள் கூசிய நோயின் பெயரைக் கடித உறையின்மேல் எல்லாரும் காண ஒட்டியது. முதல் பணியினும் இரண்டாம் பணியே அரியது. அது இன்னும் முடியவில்லை.

அன்புத் தோழியரே! அதை முடிக்கப் பணம் வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிப்பவரிடம், 'அரசு மருத்துவமனைக்குச் சென்று சளியைப் பரிசோதியுங்கள். மருந்து இலவசம்' என்று சொல்வோம். குணமடைந்து வந்தவருக்கு நம் வீட்டுத் தம்ளரிலேயே காப்பி கொடுப்போம். மதிப்பிற்குரிய பெற்றோரும் எங்களுக்குத் துணை நிற்க வேண்டுகிறோம். சிறு வில்லை செய்ததை நம் சிறு கைகளாலும் செய்ய இயலும்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்