அபிங்டனில் ஒரு சிவப்பு கார்

ஆபீஸ் வேலையாக ஆறு மாசம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு அங்கே லைப்ரரி பார்க்க ஆசை. ரூம்மேட்டுக்கோ கார் வாங்க ஆசை. அதுவும் புதுக் கார் இல்லை சார். 1972-ல் பிறந்தது, இரண்டே பேர் உட்காரலாம், கூரை என்ற பெயரில் ஒரு துணி... எம்.ஜி.பி.!

(எம்.ஜி. என்றதும் கூடவே ஒரு 'ஆர்' சேர்த்து வாசிப்பது நம் ரத்தத்தில் ஊறினது. இது வேறே.)

ரூம்மேட் மதுரைக்காரன். மூணு வருஷமாக அங்கே இருக்கிறான். மத்தியான சாண்ட்விச்சுக்குக் காசு கொடுக்க மனசு வராமல், தினம் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த பணம். அப்பா, மதுரையில் முப்பது வருஷம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவர். விஷயத்தைக் கேட்டதும் போனிலேயே ஒரு சத்தம் போட்டாராம். "காயலான் கடைக்குப் போற சாமானை எவனாவது காசு கொடுத்து வாங்குவானாடா?" அதோடு அப்பா, பிள்ளை பேச்சுவார்த்தை பதினைந்து நாளாக நின்றுபோயிருந்தது.

"அண்ணே, சனிக்கிழமை கூட வாங்கண்ணே" என்றான்.

"எனக்குக் காரைப் பத்தி என்னடா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கூப்பிடுறேன். நான் பார்த்தவுடனே மயங்கிருவேன். நீங்க மயங்க மாட்டீங்க."

அவன் சொன்னதிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டர் போனால் அபிங்டன். தேம்ஸ் கரையில் கல் பாலமும் சர்ச் கோபுரமுமாக அமைதியான ஊர். எம்.ஜி. என்றால் மாரிஸ் கராஜஸ். வில்லியம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் வைத்திருந்த கார் கடை. அங்கே மேனேஜராக இருந்த செசில் கிம்பர், சாதுவான மாரிஸ் கார்களை 1920-களில் பந்தயக் குதிரையாக மாற்ற ஆரம்பித்தார். 1929-ல் தொழிற்சாலை அபிங்டனுக்கு வந்தது. 1962-லிருந்து 1980 வரை தயாரான எம்.ஜி.பி. மட்டுமே ஐந்து லட்சத்துக்கும் மேல். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. 1980 அக்டோபரில் தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். இன்று நம்மூர் ரோட்டில் ஓடுகிற எம்.ஜி. ஹெக்டரிலும் அதே எட்டு மூலை பேட்ஜ்தான். பெயருக்குச் சொந்தக்காரர் மட்டும் இப்போது சீனாக்காரர்.

ஊர் நடுவில் பதினேழாம் நூற்றாண்டுக் கவுன்ட்டி ஹால். அரச குடும்பத்தில் விசேஷம் என்றால் ஊர்ப் பெரியவர்கள் இதன் மொட்டைமாடியில் ஏறி, கீழே நிற்கிற ஜனங்களைப் பார்த்து பன் வீசுவார்கள். (நிஜமாகவே பன்! நம்மூராக இருந்தால் டீயும் கேட்டிருப்போம்.) உள்ளே மியூசியத்தில் ஓர் எம்.ஜி.பி. நிற்கிறது. மதுரைக்காரன் அதை மீனாட்சி சந்நிதி மாதிரி மூணு சுற்று சுற்றினான். நான் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்ட ஒரு காந்தப் பொம்மை வாங்கிக்கொண்டேன். அது பின்னால் செய்யப்போகிற காரியம் எனக்கு அப்போது தெரியாது.

பழைய தொழிற்சாலை இருந்த பக்கம்தான் எம்.ஜி. கார் கிளப்பின் ஆபீஸ். தெருப் பெயர்: சிமெட்டரி ரோடு!

"அண்ணே, சகுனம் சரியில்லையோ?"

"சும்மா நட."

வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கார் பார்க்கப் போகிறோம் என்றோம். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேன்ட் அழுக்காகப் பரவாயில்லையா?" என்று கேட்டார். நின்றுகொண்டு பார்க்கிறவன் பெயிண்ட்டைப் பார்க்கிறான், படுத்துப் பார்க்கிறவன்தான் காரைப் பார்க்கிறான் என்பது அவர் கட்சி.

அவர் சொன்ன விஷயம் இது. எம்.ஜி.பி.க்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பும். கதவுக்குக் கீழே வாசற்படி மாதிரி முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை நீளமாக ஒரு தகரப் பெட்டி ஓடுகிறது. 'சில்' என்பார்கள். மேலே கூரை இல்லாத கார் என்பதால், நடுவில் ஒடியாமல் தாங்குவது பெரும்பாலும் இந்தப் படிதான். மழையும், பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பும் உள்ளே புகுந்து இதைத்தான் முதலில் தின்னும். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் மாட்டலாம். உதிரி பாகம் தபாலில் வருகிறது. முழு பாடியையே 1988-லிருந்து புதுசாக அடித்து விற்கிறார்கள். ஆனால் படி உளுத்துப்போனால் அறுத்து, வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் பல ஆயிரம் பவுண்டு காலி.

அங்கிருந்து டாக்ஸி பிடித்துப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனோம்.

சிவப்பு! அப்படி ஒரு சிவப்பு. குரோம் பம்பர், கம்பிச் சக்கரம், கறுப்பு லெதர் சீட். விலை 9,500 பவுண்டு. மதுரைக்காரனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. சொந்தக்காரர் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். பஜ்ஜி சொஜ்ஜி ஒன்றுதான் பாக்கி. சாவியைத் திருகினார், முதல் திருகிலேயே எஞ்சின் கர்ஜித்தது. "பார்த்தீங்களாண்ணே!" என்றான்.

நான் பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்! சூடான எஞ்சின் எல்லாமே நல்ல பிள்ளைதான். காலையில் எழுந்திருக்க எத்தனை அடம் பிடிக்கிறது, முதல் புகை நீலமா வெள்ளையா என்பதெல்லாம் ஆறிப்போன எஞ்சினில்தான் தெரியும்.

பையிலிருந்து காந்தப் பொம்மையை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினேன். கதவில் வைத்தேன், 'டக்'கென்று ஒட்டியது. கீழே படியில் வைத்தேன். பொத்தென்று விழுந்தது. ஓரடி தள்ளி வைத்தேன். மறுபடியும் பொத்! தகரம் இருக்கவேண்டிய இடத்தில் பட்டி. நம்மூர் டிங்கரிங் கடையில் போடுகிற அதே பட்டியேதான்.

"ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?" என்றேன். சொந்தக்காரர் முகம் டீ ஆறின மாதிரி ஆனது. தூக்கினார். சக்கரம் தரையைவிட்டுக் கிளம்புவதற்குள் கதவுக்கு மேலிருந்த இடைவெளி நெருங்கி, கதவு சிக்கிக்கொண்டது. நடு உடம்பு தொய்கிறது என்று அர்த்தம். "அது எப்போதுமே கொஞ்சம் அப்படித்தான்" என்றார்.

மதுரைக்காரனுக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. "வாங்கிட்டு மெதுவா சரி பண்ணிக்கலாம்ணே..." கண்ணெல்லாம் சிவப்பு. தனியாக இழுத்துக்கொண்டு போய் அவன் செல்போனிலேயே நம்பரைப் போட்டுக் காட்டினேன். பிரிட்டனில் எந்தக் காரின் வருஷாந்திரச் சோதனைக் கதையையும் அரசாங்க வெப்சைட்டில் காசில்லாமல் படிக்கலாம். 2017 சோதனையில் 'துரு' என்று தெளிவாக எழுதியிருந்தது. 2018-லிருந்து நாற்பது வயசு தாண்டின கார்களுக்குச் சோதனை கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் இந்தக் காரை எந்த இன்ஸ்பெக்டரும் பார்க்கவில்லை. பார்த்தது பெயிண்டர் மட்டும்தான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் இன்னொன்று. 1973 மாடல் ஜி.டி. மேலே தகரக் கூரை உண்டு. அந்தக் கூரைக்கு உருவம் கொடுத்ததில் இத்தாலியின் பினின்ஃபரினா கம்பெனிக்குப் பங்கு உண்டு. ஆனாலும் காற்றில் முடி பறக்காது என்பதால் விலை கம்மி. வெளுத்துப்போன பச்சை, கிழிந்த சீட். 5,200 பவுண்டு. விற்கிற பாட்டியம்மா, பிஸ்கட் டப்பா நிறைய பில்களை எடுத்து வைத்தார். காலமான கணவர் சேர்த்தவை. படியை அறுத்து மாற்றின போட்டோக்கள்கூட இருந்தன.

காந்தம் ஒட்டியது. இரண்டு பக்கமும். ஜாக்கியில் தூக்கியும் கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது. சீட்டுக்குப் பின்னால் பலகையைத் தூக்கினால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி. அதன் தட்டு துருப்பிடிப்பது சகஜம், இங்கே புதுசு. கீழே நாலு சொட்டு ஆயில். (பழைய இங்கிலீஷ் காரில் ஆயில் ஒழுகவில்லை என்றால், உள்ளே ஆயிலே இல்லை!) ஓட்டிப் பார்த்ததில் இரண்டாவது கியர் கொஞ்சம் கரகரத்தது, ஓவர்டிரைவ் விழுந்தது. தூக்கி நிறுத்தி முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது லேசாக ஆடியது. கிங்பின். அதைச் சொல்லி முந்நூறு குறைத்தோம்.

ஓட்டுவதற்கு முன்னால் நடந்ததுதான் முக்கியம். பானெட் ஜில்லென்றிருந்தது. சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தான். இரண்டு இருமல், அப்புறம் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டவுடன் இருவருமே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எங்கேயோ கேட்ட சத்தம்! அம்பாசிடரில் வருஷக்கணக்காக ஓடின 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், இந்த 1798 சி.சி.யும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். தம்பியும் அண்ணனும். அம்பாசிடர் என்பதே ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் கௌலியில் செய்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்தானே!

மதுரைக்காரன் பானெட்டைத் திறந்தான். செல்போனை எடுத்து ஊருக்கு அடித்தான். ஒன்றும் பேசாமல் எஞ்சின் பக்கத்தில் நீட்டினான்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"டேய்... எந்த ஸ்டாண்டுலடா நிக்கிற?"

"இங்கிலாந்துலப்பா. நான் சொன்னேன்ல, அந்தக் கார்."

"டேப்பட் தட்டுது."

"ஆமாப்பா. சரி பண்ணணுமா?"

"தொடாத. அது கொஞ்சம் தட்டணும். தட்டலைன்னாத்தான் வால்வ் கருகும். ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டுது?"

"அறுபதுப்பா."

"சூடானப்புறம் ஐடிலிங்ல பாரு. இருபது நின்னா போதும்."

"சரிப்பா. வச்சிரட்டுமா?"

"இருடா. கொஞ்ச நேரம் ஓடட்டும்."