தடிக்கு எத்தனை கிலோ?

காலை இழந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான்: "தடியை எப்ப விடலாம்?" அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெஷினில் அடிபட்டவரும் கேட்பார், சர்க்கரை வியாதியில் கால் போனவரும் கேட்பார். தடி பிடித்தால் நாலு பேர் பரிதாபமாகப் பார்ப்பார்களே என்ற கூச்சம். அவசரப்பட்டு விட்டவர்கள் புண்ணோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். எப்போது விடுவது என்பதை விடுங்கள். தடி எத்தனை கிலோ வாங்குகிறது, அதைக் கேளுங்கள்.

எஸ்டேட்டில் இன்ஸ்பெக்‌ஷனில் காலம் தள்ளியவன் நான். அளக்காமல் எதையும் பாஸ் பண்ண மாட்டேன். என் மைத்துனனுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகு பிசியோதெரபி அம்மா செய்த காரியம் அதனால்தான் பிடித்துப்போனது. எடை பார்க்கிற சாதாரண மெஷினைத் தரையில் வைத்தார். பக்கத்தில் அதே உயரத்துக்கு ஒரு பலகை. செயற்கைக் கால் மெஷின்மேல், நல்ல கால் பலகைமேல்.

"முள் இருபதைத் தாண்டக் கூடாது. மிச்சத்தைக் கைக்குக் கொடுங்க."

எழுபது கிலோ ஆள். வாக்கரை அழுத்தினால் முள் இறங்கும். கை கொஞ்சம் தளர்ந்தால் முப்பதுக்கு ஏறும். நான் ஏதோ கேட்கப் போக, "மாமா, சும்மா இருங்க, முள்ளு ஏறுது!" என்று எரிந்து விழுந்தான்.

உள்ளங்கால் பாரம் தாங்கப் பழகிய தோல். வெட்டிய காலின் தோலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. 1968-இல் வந்த ஜெய்ப்பூர் காலானாலும், 2022-இல் சென்னை ஐஐடி கொண்டுவந்த 'கதம்' முழங்கால் மூட்டானாலும், பாரம் இறங்குவது அந்தத் தோலில்தான். சர்க்கரைக்காரருக்கு உணர்ச்சியும் மங்கியிருக்கும். வலி சொல்ல வேண்டியதை முள்தான் சொல்ல வேண்டும். செயற்கைக் காலைக் கழற்றிப் பத்து நிமிஷமாகியும் தோலில் சிவப்பு மறையாவிட்டால் மறுபடி மாட்டாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நிற்கும்போது வந்த கணக்கு நடக்கும்போது நிற்காது. நடையில் ஒற்றைக் காலில் நிற்கும் நொடி உண்டு. ஊன்றும் வேகமும் சேர்ந்து உடல் எடையைவிடப் பத்து இருபது சதவீதம் கூடுதலாகவே இறங்கும். அதை அளக்கத் தரையில் பதித்த தட்டும், செருப்புக்குள் வைக்கும் சென்சாரும் ஆராய்ச்சிக் கூடங்களில் இருக்கின்றன. நமக்கு எடை மெஷினில் கை பழகினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒற்றைத் தடி உடல் எடையில் சுமார் கால்பங்குதான் வாங்கும். கக்கத்தில் வைக்கும் இரண்டு கட்டைகள் முழுப் பாரத்தையும் வாங்கும், ஆனால் உள்ளங்கையில். கட்டையின் தலைக்கும் கக்கத்துக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கக்கத்தில் தொங்கினால் நரம்பு அழுந்தி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். கால் போனது போதாதா?

தடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதிலும் பலர் தப்புச் செய்கிறார்கள். செயற்கைக் கால் வலது என்றால் தடி இடது கையில். ஆவடி ஸ்டேஷன் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் செயற்கைக் காலும் முதலில்.

மைத்துனன் இப்போது ஒற்றைத் தடிக்கு வந்துவிட்டான். விடச் சொல்லி யாராவது புத்தி சொன்னால், "இது பதினஞ்சு கிலோ தூக்குது, நீங்க தூக்குவீங்களா?" என்று கேட்கிறான்.